அலையின் அளவும் அளவின் நேர்மையும்

வத்தலக்குண்டிலிருந்து மலைப்பாதையில் ஏறிப் பெருமாள்மலையைக் கடந்து கொடைக்கானலை அடைந்து, அங்கிருந்து பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி என்று மேற்றிசை நோக்கிச் செல்லும் பிரயாணிகளில், கைப்பேசியின் மேல்மூலையில் கோடுகள் நான்கும் நிமிர்ந்து நிற்கையில் தாம் பேசிய சொல் ஒன்றுகூட எதிர்முனைக்குப் போய்ச் சேராத விசித்திரத்தை அனுபவியாதவர் வெகு சிலராகவே இருப்பர். “டவர் ஃபுல்லாத்தான் இருக்கு, ஆனா கால் போக மாட்டேங்குது” என்பது மலைக் கிராமங்களில் அன்றாடம் காதில் விழும் வாக்கியம். இதற்குக் காரணம் கேட்டால், கீழேயிருந்து வந்தவர் தொலைபேசி நிறுவனத்தை ஏசுவார். மலையிலேயே பிறந்து வளர்ந்தவர் மூடுபனியைக் குற்றம் சொல்வார். கைப்பேசி விற்பவரோ புதிய கைப்பேசி வாங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பார். அந்த நான்கு கோடுகளைச் சந்தேகிப்பவர் மட்டும் எவருமில்லை. முதலில் விசாரிக்கப்பட வேண்டியவை அவைதான் என்பது என் அபிப்பிராயம்.

கொடைக்கானலுக்கும் வானொலி அலைக்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதன்று. அகில இந்திய வானொலியின் கோடைப் பண்பலை 100.5 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்பும் நிகழ்ச்சிகளை மதுரையிலும் திண்டுக்கல்லிலும் தேனியிலும் கேட்டு வளர்ந்த தலைமுறை ஒன்று உண்டு. சமவெளிக்கு மேல் ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்தில் நிற்கும் ஓர் ஆண்டெனாவின் பார்வை எல்லை, பூமியின் வளைவையும் காற்று மண்டலத்தில் அலை சிறிதே வளைந்து செல்வதையும் சேர்த்துக் கணக்கிட்டால், சுமார் 180 கிலோமீட்டர் வரை நீளும் என்பதே அதன் ரகசியம். அதே அனுகூலம் தூர்தர்ஷனின் மலைமேல் நிலையத்துக்கும் இருந்தது. மதுரை வீடுகளின் மொட்டை மாடியில் நீண்ட குழாயில் ஆண்டெனாவைக் கட்டி, ஒருவர் மேலே நின்று அதைக் கொடைக்கானல் பக்கமாகத் திருப்ப, மற்றொருவர் கூடத்திலிருந்து “தெரியுது, தெரியுது, அப்படியே விடு” என்று கூவிய அந்தக் காலத்தில், அலையின் வலிமையை அறியத் தனிச்சாதனம் எதுவும் தேவைப்படவில்லை; திரையில் புள்ளிகள் மிகுந்தால் அலை மெலிந்தது என்றும், முகங்கள் தெளிந்தால் அலை ஓங்கியது என்றும் குழந்தைக்கும் தெரிந்திருந்தது. வந்து சேர்ந்த அலையே தன் வலிமையைத் தானே காட்டிக்கொண்டது; நடுவே நின்று கணக்குப் போட்டுக் கூட்டியோ குறைத்தோ சொல்வதற்கு எவருமில்லை.

இன்று அப்படியன்று. மலையுச்சி சமவெளிக்குக் கொடுப்பதை மலைச்சரிவு தன் சொந்தக் கிராமங்களிடமிருந்து பறித்துக்கொள்கிறது. ஒரு மடிப்புக்கு அப்பால் இருக்கும் பள்ளத்தாக்கில் கோபுரத்தின் நேர்ப்பார்வை விழுவதில்லை. அங்கே எட்டுவதெல்லாம் பாறையில் மோதியும் மரங்களுக்கிடையே சிதறியும் வரும் மிச்ச அலைதான். ஆனால் அந்த மிச்ச அலையை நம்பி நடக்க வேண்டிய காரியங்களோ வருஷத்துக்கு வருஷம் பெருகிவருகின்றன. ரேஷன் கடையில் விரல்ரேகை வைத்தால் அதை இணையம் ஒப்புக்கொள்ள வேண்டும். நூறு நாள் வேலைக்குப் போனவரின் வருகையைப் பணியிடத்தில் தினம் இருமுறை புகைப்படமாகக் கைப்பேசியில் பதிவுசெய்யும் முறை 2023 ஜனவரி முதல் நாடெங்கும் கட்டாயமாக்கப்பட்டது. கொடைக்கானலுக்கு வரும் வாகனங்களுக்கு உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும். இவ்வளவும் அலையின் தயவில் நடக்கின்றன. அலை இருக்கிறதா இல்லையா என்பதற்குக் கைப்பேசியின் கோடுகளையே பிரமாணமாகக் கொள்ளும் ஓர் அதிகாரி, “டவர்தான் இருக்கிறதே, ஏன் அனுப்பவில்லை?” என்று கேட்டுவிட்டால், கூலியை இழப்பவர் அந்த மலைவாசியே. ஆகவே அலைபலத்தின் அளவீடு பிழையாகக் காட்டப்படுவது கணினிக்காரர்கள் தமக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய சில்லறை விவகாரம் என்று ஒதுக்கிவிடுவதற்கில்லை.

வானில் வரும் அலையின் வலிமை எவ்வளவு சொற்பமானது என்பதை முதலில் மனத்தில் வாங்கிக்கொண்டால்தான் பிழையின் சூட்சுமம் விளங்கும். ஒரு மில்லிவாட்டைப் பூஜ்யம் என்று வைத்து, பத்து மடங்கு குறையுந்தோறும் பத்துப் பத்தாகக் கீழே இறங்கும் டிபிஎம் என்ற அளவுகோலைப் பொறியாளர் கையாளுகின்றனர். மைனஸ் 30 டிபிஎம் என்றால் ஒரு மைக்ரோவாட். மைனஸ் 60 என்றால் ஒரு நானோவாட், அதாவது ஒரு வாட்டில் நூறு கோடியில் ஒரு பங்கு. மைனஸ் 90 என்றால் அதிலும் ஆயிரத்தில் ஒன்று. வீட்டு வைஃபையும் கைப்பேசியும் பழகுவது இந்தப் பாதாள லோகத்தில்தான். இந்த அளவுகோலில் மூன்று எண் குறைந்தால் வலிமை பாதியாகிவிடும். வைஃபையின் எண்ணையும் நான்காம் தலைமுறைக் கைப்பேசியின் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதும் தவறு; ஏனெனில் முன்னது வந்து சேரும் மொத்த வலிமையைக் குறிக்க, பின்னது அலைவரிசையின் நுண்ணிய கூறு ஒன்றின் வலிமையைக் குறிக்கிறது; 10 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள அலைவரிசையில் இவ்விரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சுமார் 28 டெசிபல், அதாவது இதே அளவுகோலில் 28 எண், வரை போகும். ஒன்றில் மைனஸ் 95 உயிர்போகும் நிலை. மற்றொன்றில் அது தள்ளிவிடக்கூடிய நிலையன்று.

இனி, கோடு பிறக்கும் வழியைப் பார்ப்போம். ஆண்டெனாவில் விழும் அலை முதலில் ஒரு பெருக்கியில் ஊதிப் பெரிதாக்கப்படுகிறது. அலை மெலிந்திருந்தால் பெருக்கம் அதிகமாகவும், வலுத்திருந்தால் குறைவாகவும் இருக்கும்படி ஒரு தானியங்கி ஏற்பாடு பார்த்துக்கொள்கிறது. எவ்வளவு பெருக்கினோம் என்ற கணக்கிலிருந்து வந்த அலை எவ்வளவு என்று சில்லு அனுமானித்து ஓர் எண்ணை எழுதுகிறது. அந்த எண்ணை எடுத்து இயங்குதளத்துக்குப் புரியும்படி சொல்லும் சிறுநிரலுக்கு டிரைவர் என்று பெயர். கம்பெனியார் காலத்துத் துபாஷியைப்போல இரு தரப்புக்கும் நடுவில் நிற்கும் அது சொன்னதுதான் மேலேயிருப்பவருக்குச் செய்தி. துபாஷி பிழைபட மொழிபெயர்த்தால் கேட்பவருக்கு அதைக் கண்டுபிடிக்க வழியில்லை.

அந்த மொழிபெயர்ப்பில் நேரும் பிழைகளோ வெகு விநோதமானவை. 1997-இல் வெளிவந்த 802.11 என்ற வைஃபைத் தரநிர்ணயம், அலைபலத்தைக் காட்டும் எண் பூஜ்யத்திலிருந்து 255-க்குள் அடங்க வேண்டும் என்றதே தவிர, அது எந்த அலகில் இருக்க வேண்டும், எவ்வளவு துல்லியமாக இருக்க வேண்டும் என்று விதிக்கவில்லை. சுதந்திரம் கிடைத்த தயாரிப்பாளர்கள் ஆளுக்கொரு உச்சவரம்பை வைத்துக்கொண்டனர். சிஸ்கோவின் வைஃபை அட்டைகளில் அது 100, ஆத்தரோஸில் 60, சிம்பலில் 31. ஒன்றுக்கு எழுதிய கணக்கை மற்றொன்றுக்குப் பொருத்தினால் உண்மைக்கும் காட்சிக்கும் சம்பந்தமே இராது. போதாக்குறைக்கு, லினக்ஸ் இயங்குதளத்தின் பழைய ஏற்பாட்டில் இந்த எண்ணுக்கு ஒதுக்கப்பட்ட இடம் ஒரே ஒரு பைட். அதில் மைனஸ் 60 என்பதை 256-இலிருந்து 60-ஐக் கழித்து 196 என்றே எழுதுவர். இது எதிர்மறை எண் என்ற குறிப்பைப் படிக்க மறந்த நிரலுக்கு அது 255-க்கு 196 மதிப்பெண் வாங்கிய சிறந்த அலையாகவும், மைனஸ் 90-ஐக் குறிக்கும் 166 சுமாராகத் தேறிய அலையாகவும் தோன்றும். அலை அடியோடு செத்துக்கொண்டிருக்கையில் அளவுகாட்டியில் பாதிக்கு மேல் நிரம்பியிருக்கும். பின்னால் வந்த ஏற்பாட்டில் எண்ணோடு அலகையும் டிரைவர் அறிவிக்க வேண்டும் என்று திருத்தினார்கள். டிபிஎம்மில் நூறில் ஒரு பங்கைச் சிற்றலகாகவும் வைத்தார்கள். நூறால் வகுக்க மறப்பவர்கள் அங்கும் உண்டு என்றாலும், மைனஸ் 6,000 என்று திரையில் தெரிந்தால் அது பிழை என்று பார்த்தவுடன் தெரிந்துவிடுகிறது. அந்த மட்டில் அது யோக்கியமான பிழை.

இவற்றைக் காட்டிலும் கள்ளமான பிழை ஒன்றுண்டு. சில சில்லுகள் அலையின் வலிமையை அளப்பதேயில்லை. சுற்றியுள்ள இரைச்சலுக்கு மேல் அலை எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்பதை மட்டும் அளக்கின்றன. இரைச்சலின் மட்டம் எப்போதும் மைனஸ் 95 என்று டிரைவர் தானாகவே வைத்துக்கொண்டு கூட்டிக் கழித்து விடை சொல்கிறது. பேரிஜம் பக்கத்து வனாந்தரத்தில் அந்த அனுமானம் ஒருவாறு பொருந்தக்கூடும். கொடைக்கானல் ஏரியைச் சுற்றி நெருங்கி நிற்கும் விடுதிகளில் அறைக்கொன்றாக வைஃபைப் பெட்டிகள் கூச்சலிடும் இடத்தில் அது எப்படிப் பொருந்தும்? அலை குறையவேயில்லை, பக்கத்தில் இரைச்சல் கூடியது, ஆயினும் அலை குறைந்துவிட்டதாக அளவுகாட்டி சொல்லும். அதை நம்பி விடுதிக்காரர் இன்னும் வலிய பெட்டி ஒன்றை வாங்கி வைப்பார். அடுத்த விடுதியில் இரைச்சல் இன்னும் கூடும்.

எண் சரியாகவே வந்துவிட்டது என்று வைத்துக்கொண்டாலும், அதைச் சதவீதமாகவும் கோடுகளாகவும் மாற்றும் கட்டத்தில் வேறொரு மயக்கம் நேர்கிறது. விண்டோஸ் இயங்குதளம் மைனஸ் 50-ஐ நூறு சதவீதமாகவும் மைனஸ் 100-ஐப் பூஜ்யமாகவும் வைத்து இடைப்பட்டதைச் சமமாகப் பங்கிடுகிறது. ஆகவே மைனஸ் 75 என்பது ஐம்பது சதவீதம். ஐம்பது என்றால் பாதி என்று நினைப்பது மனித சுபாவம். உண்மையிலோ அது நூறு சதவீதமாகக் காட்டப்பட்ட அலையின் வலிமையில் 316-இல் ஒரு பங்கு. மடக்கைக் கணக்கில் பிறந்த ஓர் எண்ணைச் சாதாரணச் சதவீதமாகக் காட்டுவதில் பொய் சொல்லும் உத்தேசம் யாருக்கும் இல்லாமலிருக்கலாம். பார்ப்பவர் ஏமாறுவது நிச்சயம்.

உத்தேசமே உள்ள இடங்களும் உண்டு என்பதற்கு உலகறிந்த சாட்சியம் இருக்கிறது. 2010-இல் ஐபோன் 4 வெளிவந்து, கையில் ஒரு விதமாகப் பிடித்தால் கோடுகள் மளமளவென்று சரிகின்றன என்று புகார் எழுந்தபோது, ஆப்பிள் நிறுவனம் அவ்வாண்டு ஜூலையில் பகிரங்கமாக ஒப்புக்கொண்ட செய்தி, கோடுகளைக் கணக்கிடும் சூத்திரமே முற்றிலும் தவறு, பல இடங்களில் இருக்க வேண்டியதைவிட இரண்டு கோடு அதிகமாகக் காட்டிவந்தோம் என்பதுதான். அந்த நிறுவனம் அதைப் பிழை என்றது. பிழை என்றே நாமும் கொள்வோம். ஆனால் எல்லோரும் படிக்கும்படி வெளியிடப்பட்டுள்ள ஆண்ட்ராய்டு மூலநிரலில், தொலைபேசி நிறுவனம் விரும்பினால் உள்ளதைவிட ஒரு கோடு கூட்டிக் காட்டும்படி ஒரு விசையே வைக்கப்பட்டிருப்பதை என்ன பெயரிட்டு அழைப்பது? பெட்ரோல் பங்கில் அளவு காட்டும் யந்திரத்துக்கு எடையளவுத் துறை முத்திரை வைக்கிறது; காய்கறிக்காரரின் படிக்கல்லுக்கும் முத்திரை உண்டு; கோடிக்கணக்கான ஜனங்கள் நாள் முழுவதும் நோக்கும் இந்த அளவுக்கு மட்டும் முத்திரை வைப்பாரில்லை.

கோடுகள் நான்கும் நேர்மையாகவே நின்றாலும் அழைப்பு போகாதிருக்க நியாயமான காரணங்கள் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் எல்லாப் பழியையும் டிரைவர் தலையில் கட்டியவனாவேன். கோடு காட்டுவது கோபுரம் பேசுவது நமக்கு எவ்வளவு கேட்கிறது என்பதை மாத்திரமே. நாம் பேசுவது கோபுரத்துக்குக் கேட்கிறதா என்பதை அது அறியாது. கோபுரம் 20 வாட் அல்லது 40 வாட்டில் பேசும். நான்காம் தலைமுறைச் சேவையில் கைப்பேசியின் உச்சபட்சம் பொதுவாக ஒரு வாட்டில் ஐந்தில் ஒரு பங்கு. நூறு முதல் இருநூறு மடங்கு வித்தியாசமுள்ள இந்தச் சம்பாஷணையில், மலைமுனையிலிருந்து வரும் குரல் பள்ளத்தாக்கில் கேட்பதும், பள்ளத்தாக்கின் குரல் மலைமுனைக்கு எட்டாமற்போவதும் சகஜம். வைஃபையிலும் இதே நியாயந்தான். அதிலும் பெரும்பாலும் அளக்கப்படுவது, பெட்டி தன் இருப்பை அறிவிக்க மிக மெதுவான வேகத்தில் வினாடிக்குப் பத்து முறை அனுப்பும் அறிவிப்பை. மெதுவான பேச்சு தூரத்திலும் விளங்கும். வேகமான பேச்சு விளங்காது. மே மாதத்துச் சீசனில் வாகனங்கள் வரிசைகட்டி நிற்கும் நாட்களில் கோடுகள் குறையாமலிருந்தும் இணையம் நகராததற்கு வேறு காரணம், ஒரே கோபுரத்தை ஆயிரக்கணக்கானோர் பங்குபோடுவது. அங்கே அலைக்குப் பஞ்சமில்லை, இடத்துக்குத்தான் பஞ்சம்.

மூடுபனியைப் பற்றியும் ஒரு வார்த்தை. கொடைக்கானலில் பனி இறங்கினால் டவர் போய்விடும் என்பது வேரூன்றிய நம்பிக்கை. கைப்பேசியும் வைஃபையும் உபயோகிக்கும் அலைநீளங்களில் மூடுபனித் துளிகள் அலையை விழுங்குவது கணக்கில் எடுக்க வேண்டாத அளவுதான். பனியோடு கூட வருபவை வேறு: யூகலிப்டஸ், வாட்டில், பைன் என்று மலை முழுதும் நட்டு வளர்த்த தோப்புகளின் இலைகள் நனைந்து ஈரம் கோத்து நிற்பது ஒன்று, மழைக்கும் காற்றுக்கும் மின்சாரம் தடைப்பட்டு, கோபுரம் பாட்டரியில் ஓடி, பாட்டரியும் தீர்ந்துபோவது மற்றொன்று. குற்றவாளியை அறியாமல் பக்கத்தில் நின்றவரைத் தண்டிக்கும் இந்தப் பழக்கத்துக்கும், அளவு காட்டும் சாதனம் உண்மை பேசாததே மூலம்.

இதே மலையில் அளவையின் நேர்மைக்குப் பேர்போன ஓரிடம் இருப்பதை நாம் மறந்துவிடுகிறோம். 1899-இல் நிறுவப்பெற்று 1901 முதல் சூரியனை நோக்கிவரும் கொடைக்கானல் வானாய்வகத்தில்தான், 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளில் வாயு மையத்திலிருந்து வெளிநோக்கிப் பாய்வதை, நிறமாலைக் கோடுகளின் மிக நுண்ணிய இடப்பெயர்ச்சியைக் கொண்டு கண்டறிந்தார். கருவியின் பிழை எது, வானத்தின் செய்தி எது என்று பிரித்தறியத் தெரியாதவருக்கு அந்தக் கண்டுபிடிப்பு வாய்த்திராது. 1904 முதல் ஒரு நூற்றாண்டுக்கு மேல் அங்கே கால்சியம் ஒளியில் எடுத்த சூரியப் படங்களைப் பிற்காலத்தார் கணினியில் ஏற்றி ஆராய்ந்தபோது சந்தித்த பெருந்தடை என்ன தெரியுமா? 1958-ஆம் ஆண்டின் பிற்பகுதி முதல் எடுத்த தகடுகளின் ஓரத்தில், இன்ன அளவு ஒளி பட்டால் இன்ன அளவு கருமை என்று காட்டும் அளவுப் படிகள் பதிக்கப்பட்டிருந்தன. அதற்கு முந்தியவற்றில் அவை இல்லை. படம் இருக்கிறது, கருமை இருக்கிறது, ஆனால் அந்தக் கருமைக்கு எவ்வளவு ஒளி என்று சொல்லும் ஆதாரம் இல்லை. ஆகவே சூரிய வட்டின் அமைதியான பகுதிகளையே அளவுகோலாக வைத்து, வெகு பிரயாசைப்பட்டு மற்றவற்றைக் கணிக்க வேண்டியதாயிற்று. அலகு சொல்லாத டிரைவர் தரும் எண் அந்தப் பழைய தகட்டைப் போன்றது. அதைவிட மோசம் என்றும் சொல்லலாம், ஏனெனில் பழைய தகடு தனக்கு அளவுப் படி இல்லை என்பதை மறைக்கவில்லை.

இந்த மலையின் அடிவாரத்திலேயே, அலைபலத்தைச் சரியாக அறிவது எத்துணை அவசியம் என்பதற்குச் சிறந்த உதாரணமும் இருக்கிறது. 1976-இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் தேனிக் கிளையையும், போடிநாயக்கனூர், சின்னமனூர் முதலிய ஊர்களின் கண் பரிசோதனை நிலையங்களையும், 2000-களின் நடுவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி ஆய்வாளர்கள் நெடுந்தூர வைஃபை இணைப்பால் கோத்தனர். கிராமத்து நிலையத்தில் அமர்ந்திருக்கும் நோயாளியைத் தேனியிலிருக்கும் மருத்துவர் திரையில் பார்த்துப் பேசி யோசனை சொன்னார்; பஸ் ஏறி ஒரு நாள் கூலியை இழக்காமல் ஏழை விவசாயிக்குக் கண் வைத்தியம் கிடைத்தது. அந்த ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்ட ஆய்வுரையில் விஸ்தரித்துப் பேசியது வேகத்தைப் பற்றியன்று. ஏறி இறங்கும் மின்சாரத்தால் கருவிகள் பழுதாவது, பழுது எங்கே என்று கண்டறிவதன் சிரமம், அடுத்துப் பழுதாகப் போவது எது என்று முன்கூட்டி அறிய இயலாமை ஆகியவற்றைப் பற்றியே. நிபுணர் ஊர் திரும்பிய பிறகு இணைப்பு அறுந்தால், உள்ளூர்ப் பணியாளரின் கையில் இருப்பது திரையில் தெரியும் அந்த ஓர் எண்தான். அதுவும் பொய் என்றால் அவர் எதைக்கொண்டு பழுதைத் தேடுவார்?

எண் மெய்யாக இருக்குமானால் எவ்வளவு தேடலாம் என்பதைக் கணக்கிட்டே காட்டலாம். வைஃபை உபயோகிக்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், ஆண்டெனாவின் குவிப்பையும் சேர்த்து 4 வாட் வரை உரிமம் இல்லாமல் அனுப்பலாம் என்று மத்திய அரசு 2005 ஜனவரியில் அறிவித்தது. நடுவே தடையில்லாத 10 கிலோமீட்டர் தூரத்தில் அந்த அலை சுமார் 120 டெசிபல் தேய்ந்துபோகும். வாங்கும் முனையில் 24 டெசிபல் குவிப்புள்ள ஆண்டெனா இருந்தால், அளவுகாட்டியில் வர வேண்டிய எண் ஏறத்தாழ மைனஸ் 60. இது கையாலேயே போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு. மைனஸ் 62 வந்தால் எல்லாம் க்ஷேமம். மைனஸ் 75 வந்தால் ஆண்டெனா காற்றில் திரும்பியிருக்கிறது, அல்லது இணைப்பியில் மழைநீர் புகுந்திருக்கிறது, அல்லது நடுவே மரம் வளர்ந்திருக்கிறது. மைனஸ் 30 வந்தால், இயற்கை அவ்வளவு தாராளமாக இராது, டிரைவர் பொய் சொல்கிறது.

பொய்யைப் பிடிக்கும் உபாயங்களும் எளியவையே. அலை தடையின்றி வரும் இடத்தில் தூரத்தை இரட்டிப்பாக்கினால் எண் ஆறு குறைய வேண்டும்; குறையாமல் அசையாது நின்றால், அது அப்போது அளந்த எண்ணன்று, எப்போதோ அளந்து நினைவில் வைத்த பழைய எண். ஆண்டெனாவுக்கும் அட்டைக்கும் நடுவே பத்து டெசிபல் குறைக்கும் தடுப்பான் ஒன்றைச் செருகினால் எண் சரியாகப் பத்து இறங்க வேண்டும். ஐந்து இறங்கினால் சூத்திரத்தின் சரிவு தப்பு. பத்தே இறங்கியும் இன்னொரு நம்பகமான கருவியோடு எப்போதும் ஒரே அளவு வேறுபட்டால், தொழிற்சாலையில் எழுதப்பட்ட திருத்தக் கணக்கை டிரைவர் சேர்க்கத் தவறிவிட்டது என்று பொருள். பூஜ்யத்துக்கு மேலான எண் தெரிந்தால் சோதனையே வேண்டாம். வீட்டுப் பெட்டி எதுவும் ஒரு மில்லிவாட்டை அடுத்த அறைக்குக் கொண்டுசேர்க்காது. பெட்டியை ஒட்டி உட்கார்ந்து சோதிப்பதும் கூடாது. அளவு மீறி வலுத்த அலையில் பெருக்கி திக்குமுக்காடி, உள்ளதைவிடக் குறைத்துச் சொல்லும். இவ்வளவும் செய்த பிறகும் எண் சரியென்றே தெரிந்தால், டிரைவரை விட்டுவிட்டு ஆண்டெனாவின் இணைப்பியைத் திருகிப் பார்ப்பது உத்தமம். தளர்ந்த ஒரு மரையைக் கவனியாமல் நிரலை மாற்றி மாற்றி எழுதிக் காலம் போக்கியவர்கள் தொழிலில் பலர்.

இவற்றைச் சொல்வதால் ஒவ்வொரு மலைவாசியும் பொறியாளராக வேண்டும் என்று நான் கருதுவதாக நினைக்க வேண்டாம். ஒரு சாதனம் தனக்குத் தெரிந்ததைத் தெரிந்த அலகில் சொல்ல வேண்டும், தெரியாததைத் தெரியாது என்றே சொல்லிவிட வேண்டும் என்பதுதான் என் கட்சி. சில்லு அளக்காத ஒன்றை அளந்ததுபோல் டிரைவர் அலங்கரித்துத் தருவது கூடாது. கூட்டிக் காட்டும் விசைகளுக்குச் சட்டத்தில் இடமிருக்கக் கூடாது. எடையளவு பற்றிய சட்டம் கைப்பேசியின் கோட்டுக்கும் நீளட்டும் என்று கேட்டால் சிரிப்பவர்கள் இருக்கலாம். கூலியும் அரிசியும் அந்தக் கோட்டைப் பொறுத்து நிற்கையில் இதில் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது?

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2024 ஆகஸ்டில் வெளியிட்டு அக்டோபர் 1 முதல் அமலுக்குக் கொண்டுவந்த தரவிதிகள், ஒவ்வொரு நிறுவனமும் எந்தெந்த இடத்தில் எந்தத் தலைமுறைச் சேவை கிடைக்கிறது என்பதை வரைபடமாகத் தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்கின்றன. நல்ல விதி. ஆனால் வரைபடம் பெரும்பாலும் கணிப்பில் பிறப்பது. மடிப்பு மடிப்பான மலைநாட்டில் கணிப்பு தவறுவது இயல்பு. கார் போகும் சாலையோரத்தில் அளந்து திரும்பினால், சாலையே இல்லாத மலையூர்கள் கணக்கில் வாரா. ஆகையால் கொடைக்கானல் வட்டத்தின் ஒவ்வொரு ரேஷன் கடை வாசலிலும், பள்ளிக்கூடத்திலும், ஆரம்ப சுகாதார நிலையத்திலும், சரிபார்த்து முத்திரையிட்ட கருவியைக் கொண்டு, கேட்கும் அலையையும் அனுப்பும் அலையையும் சேர்த்து, மழைக்காலத்தில் ஒரு முறையும் மே மாதத்தில் ஒரு முறையும் அளந்து, அந்த எண்களை அலகோடு பலகையில் எழுதி வைக்கும்படி மாவட்ட நிர்வாகம் செய்ய வேண்டும். அவ்வாறு அளந்து முடியும் வரையில், அலை எட்டாத இடத்தில் பதிவாகாத வருகையைக் கையெழுத்துப் பதிவேட்டைக் கொண்டு ஏற்றுக்கொள்வதே நியாயம்.

மலையில் வாழும் வாசகர்களுக்கு ஒன்று. பெரும்பாலான ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில், அமைப்புகளில் கைப்பேசியைப் பற்றிய பகுதிக்குள் சிம் நிலை என்ற இடத்தைத் திறந்தால், கோடுகளுக்குப் பின்னால் மறைந்திருக்கும் டிபிஎம் எண் தெரியும். நான்காம் தலைமுறைச் சேவையில் அது மைனஸ் 80-ஐ ஒட்டியிருந்தால் நல்ல அலை. மைனஸ் 110-ஐத் தாண்டிக் கீழே இறங்கினால் கோடு எத்தனை நின்றாலும் நம்புவதற்கில்லை. அடுத்த முறை புகார் எழுதும்போது “டவர் இல்லை” என்று மட்டும் எழுதாமல், இடம், தேதி, நேரம், அந்த எண், அனுப்ப முயன்றது போய்ச் சேர்ந்ததா என்ற விவரம் ஆகிய ஐந்தையும் எழுதுங்கள். பதில் எழுதுபவரிடமும் அவர் பக்கத்து எண்ணைக் கேளுங்கள்.